வேகத்துக்கு முன் பிறேக்

வீதியில் ஓடும் வேகக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்க விரும்புவோர் இயந்திரத்தின் வலுவைக் கூட்டுவது பற்றியே முதலில் சிந்திக்கின்றனர். பிறேக் பற்றிய எண்ணம் எழும்போதும், சில்லின் இடைவெளியூடாகப் பளிச்சென்று தெரியும் பெரிய கெலிப்பர்களிலேயே அவர்களது கண் செல்கிறது. ஆனால், தடத்தில் பிறேக் கைவிடுவதற்குப் பெரும்பாலும் காரணமாக அமைவது வெப்பமேயாகும். ஆகவே, செலவிடும் பணமும் முதலில் வெப்பத்தைச் சமாளிப்பதற்கே செலவிடப்பட வேண்டும்.

பிறேக் என்பது இயக்கசக்தியை வெப்பமாக மாற்றும் ஒரு சாதனம். வேகம் இரட்டிப்பானால் அச்சக்தி நான்கு மடங்காகும். 1500 கிலோகிராம் நிறையுள்ள கார் ஒன்று மணிக்கு 200 கிலோமீற்றரிலிருந்து 100 கிலோமீற்றருக்கு வேகத்தைக் குறைக்கும்போது, சுமார் 5 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரக்கூடிய சக்தியை இழக்கிறது. காற்றின் தடை அதில் ஒரு பங்கை ஏற்க, எஞ்சிய பெரும்பகுதி சில செக்கன்களுக்குள் பிறேக் தகடுகளில் வெப்பமாகச் சேர்கிறது. தகடுகள் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது.

ஜேர்மனியின் நூர்பர்க்ரிங் இதற்குச் சிறந்த உதாரணம். 1927 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அதன் வடக்குச் சுற்று 20.8 கிலோமீற்றர் நீளமானது. கட்டணம் செலுத்திப் பொதுமக்கள் தமது சொந்தக் கார்களை அங்கு ஓட்டலாம். வேகமான பகுதியை அடுத்து வரும் ஆரெம்பெர்க் போன்ற வளைவுகளில் பிறேக்கின் உண்மையான வலு தெரிந்துவிடும்.

தோல்வி இரு வகைப்படும். பிறேக் திரவம் கொதித்தால் குழாய்களுக்குள் ஆவி உண்டாகி, மிதி தரைவரை இறங்கிவிடும். உராய்வுப் பட்டைகள் தாங்கும் அளவை மீறிச் சூடேறினால் மிதி உறுதியாகவே இருக்கும். ஆனால் காரின் வேகம் குறையாது. எது நேர்ந்தது என்பதை அறிந்தே பரிகாரம் தேட வேண்டும்.

மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தருவது திரவத்தை மாற்றுவதாகும். டொட் 4 தரத்தின்படி புதிய திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ். இத்திரவம் ஈரப்பதனை உறிஞ்சும் தன்மையுடையது. சுமார் 3.7 சதவீதம் நீர் கலந்த நிலையில் அதே தரம் கோரும் அளவு 155 பாகை மாத்திரமே. எனவே, உயர்ந்த கொதிநிலையுள்ள புதிய திரவத்தை இட்டு, காற்றுக் குமிழ்களை முற்றாக வெளியேற்றிய பின்னரே தடத்தில் இறங்க வேண்டும்.

அடுத்தது உராய்வுப் பட்டைகள். தடத்துக்கென உருவாக்கப்பட்டவை உயர் வெப்பத்திலும் பிடிப்பை இழக்காதவை. எனினும், முழுமையான பந்தயப் பட்டைகள் குளிர்ந்த நிலையில் போதிய பிடிப்பைத் தராததால், அன்றாட வீதிப் பயணத்துக்கு ஆபத்தானவை. ஐரோப்பாவில் வீதிப் பாவனைக்கான மாற்றுப் பட்டைகள் ஈ.சி.ஈ. ஆர் 90 அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும் என்பது குறிப்பிடத்தக்கது. மூன்றாவதாக, முன்புறத்திலிருந்து குழாய் மூலம் தகட்டின் நடுப்பகுதிக்குக் காற்றைச் செலுத்தும் ஏற்பாடு பெரிதும் உதவும்.

இவை போதாதபோதே பெரிய தகடுகளையும் கெலிப்பர்களையும் நாட வேண்டும். அவை வெப்பத்தை அதிகம் ஏற்று, சுற்றுக்குச் சுற்று ஒரே சீரான பிடிப்பைத் தருகின்றன. ஆனால் ஒரு தடவை நிறுத்தும் தூரத்தை அவை பெரிதாகக் குறைப்பதில்லை. சில்லைப் பூட்டும் வலு சாதாரண பிறேக்குக்கும் உண்டு. அதற்கு மேல் காரை நிறுத்துவது ரயரின் பிடிப்பே. முன்சில்லுகளுக்கு மாத்திரம் மிகப் பெரிய பிறேக்குகளைப் பொருத்தி முன்பின் சமநிலையைக் குலைத்தால், நிறுத்தும் தூரம் கூடவும் கூடும்.

நிலையான பிடிப்பின் பெறுமதியை வரலாறும் காட்டியுள்ளது. 1953 ஆம் ஆண்டு லு மான் 24 மணிநேரப் பந்தயத்தில் தகட்டு பிறேக் பொருத்திய ஜகுவார் சீ-டைப் கார் வெற்றி பெற்றது. உருளை பிறேக் கொண்ட போட்டியாளர்களை விட, வளைவுகளை மேலும் நெருங்கிய பின்னர் பிறேக் பிடிக்க அதன் சாரதிகளால் முடிந்தது.

கருவிகளுக்கு இணையாகப் பழக்கமும் முக்கியமானது. புதிய பட்டைகளைப் படிப்படியாகச் சூடேற்றித் தகட்டுடன் பதப்படுத்த வேண்டும். இறுதிச் சுற்றை மெதுவாக ஓடித் தகடுகளை ஆறவிட வேண்டும். சூடான நிலையில் கைப்பிறேக்கை இழுத்து நிறுத்தலாகாது. மிதி சற்றேனும் மென்மையானால் உடனே தடத்தை விட்டு வெளியேற வேண்டும்.

வேகத்தை விலை கொடுத்து வாங்குவது எளிது. அதனை அடக்கும் ஆற்றலைப் புறக்கணித்தால் விலையாவது சாரதியின் உயிர் மாத்திரமல்ல, அதே தடத்தில் ஓடும் பிறரின் உயிருமாகும். பார்வைக்குப் பகட்டான கெலிப்பரை வாங்குமுன், கண்ணுக்குத் தெரியாத திரவத்தை மாற்றுவதே விவேகம் என்பது எமது கருத்தாகும்.