காலந்தாழ்த்திய நட்டஈடு

இயற்கை அனர்த்தத்தில் கால்நடைகளை இழக்கும் பண்ணையாளருக்கு அரசு நட்டஈடு வழங்குவது அவசியமானதாகும். எனினும், அதற்கான சட்டம் அனர்த்தம் நிகழ்வதற்கு முன்னரே நடைமுறையில் இருத்தல் வேண்டும். அமெரிக்காவின் தெற்கு டக்கோட்டா மாநிலம் இதற்குத் தக்க உதாரணமாகும்.

2013 ஒக்டோபர் 3 முதல் 5 வரை, மழையுடன் தொடங்கிய பெரும் பனிப்புயல் அம்மாநிலத்தின் மேற்குப் பகுதியைத் தாக்கியது. மீட் உள்ளிட்ட கிராமிய மாவட்டங்களில் மாடுகள் அப்போதும் கோடைகால மேய்ச்சல் நிலங்களிலேயே நின்றன. குளிரைத் தாங்கும் உரோமமும் அவற்றுக்கு வளர்ந்திருக்கவில்லை. பல்லாயிரக்கணக்கான மாடுகள் மடிந்தன.

கால்நடை இழப்புக்கான மத்திய அரசின் நட்டஈட்டுத் திட்டமோ 2011 செப்டெம்பருடன் காலாவதியாகியிருந்தது. போதாக்குறைக்கு, நிதி ஒதுக்கீடு தொடர்பான அரசியல் இழுபறியால் 2013 ஒக்டோபர் 1 முதல் மத்திய அரசின் அலுவலகங்கள் பல மூடப்பட்டிருந்தன. இழப்பை முறையிடச் சென்ற பண்ணையாளருக்கு விவசாயத் திணைக்களத்தின் உள்ளூர் அலுவலகமும் திறந்திருக்கவில்லை. அவ்வேளையில் பொதுமக்களின் நன்கொடைகளே கைகொடுத்தன.

2014 பெப்ரவரி 7 ஆம் திகதி ஜனாதிபதி ஒபாமா கையொப்பமிட்ட விவசாயச் சட்டமே, முந்திய இழப்புகளையும் உள்ளடக்கி அத்திட்டத்தை மீளக் கொணர்ந்து நிரந்தரமாக்கியது. சந்தைப் பெறுமதியில் 75 சதவீதம் நட்டஈடாக நிர்ணயிக்கப்பட்டது. ஆயினும், ஏப்ரல் 15 ஆம் திகதியே விண்ணப்பங்கள் ஏற்கப்படத் தொடங்கின. அரை வருடத்துக்கு முன்னர் மடிந்த மாடுகளுக்கு அப்போது ஆதாரம் காட்ட வேண்டியிருந்தது. நிழற்படங்களையும் பதிவேடுகளையும் பேணி வைத்திருந்தோருக்கே அது இலகுவாயிற்று.

நட்டஈட்டுத் தொகை எவ்வளவு என்பதைப் போலவே, அது எப்போது கைக்குக் கிட்டுகின்றது என்பதும் முக்கியமானதாகும். அனர்த்தத்தின் பின்னர் இயற்றப்படும் சட்டம் இழப்பை ஈடுசெய்யலாம். இடைப்பட்ட மாதங்களின் கடன் சுமையை அதனால் தடுக்க முடியாது.