உமறுப் புலவர் பள்ளியும் ஆங்கிலப் பாடமும்

சிங்கப்பூர்த் தமிழ்க் கல்வியின் வரலாற்றை ஆராயப் புகுவோர் தஞ்சோங் பகாரைக் கடந்து செல்லுதல் இயலாது. 1864ஆம் ஆண்டில் அங்கே கப்பல் துறை நிறுவனம் ஒன்று தோன்றியபின், துறைமுக வேலையை நாடித் தமிழர் பலர் அவ்வட்டாரத்திற் குடியேறினர். கடையநல்லூரிலிருந்து வந்த முஸ்லிம்கள் குடும்பத்தோடு வந்து வாழ்ந்தனர். பிள்ளைகள் உடனிருந்தமையால் பள்ளியின் தேவையும் எழுந்தது. 1946இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் அங்கே ஒரு தமிழ்ப் பள்ளியை நிறுவிச் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரை அதற்குச் சூட்டியது.

1960இல் அப்பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. சிங்கப்பூரில் தமிழ்வழி உயர்நிலைக் கல்வி அளித்த பள்ளி அது ஒன்றே. அதே ஆண்டில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு நான்கு மொழிகளிலும் நடத்தப்பெற்றது. தொடக்கப்பள்ளிகளில் இரண்டாம் மொழி கட்டாயமாயிற்று. 1966இல் அக்கட்டாயம் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. தமிழ்வழி மாணவர்க்கு அவ்விரண்டாம் மொழி ஆங்கிலமே. அலுவலக வேலைக்கும் மேற்படிப்புக்கும் ஆங்கிலமே வாயிலாக இருந்தமையால், அப்பாடம் அவர்தம் எதிர்காலத்தையே உறுதிசெய்வதாயிற்று.

ஆங்கில இலக்கணம் தமிழ் மாணவனுக்கு எளிதன்று. தமிழில் ‘வந்தான்’ என்ற ஒரு சொல்லே திணை, பால், எண், இடம், காலம் அனைத்தையும் காட்டிவிடும். எழுவாய் தோன்றாமல் நிற்கலாம். ஆங்கிலத்தின் இறந்தகால வினையோ காலத்தை மட்டுமே காட்டி நிற்பதால், எழுவாயை விட்டால் வாக்கியம் முடமாகும். நம் வினைமுற்று பெரும்பாலும் இறுதியில் நிற்கும்; அவர்கள் வினை எழுவாயை அடுத்து நிற்கும். பெயர்க்குமுன் வரும் சுட்டடைகளுக்கு நேரான உருபு தமிழில் இல்லை. ஆகவே தமிழைப் பிழையின்றி எழுதும் மாணவனும் ஆங்கிலத்தில் இடறுதல் இயல்பே. அது அறிவின் குறையன்று. இருமொழி அமைப்பின் வேறுபாடு.

பத்தியைப் படித்து விடை எழுதும் பயிற்சியோ நமக்கு முற்றும் புதியதன்று. நன்னூலார் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்துள்ளார். விடையறிந்த ஆசிரியர் மாணவனின் அறிவை அறியக் கேட்பது அறிவினா. கருத்தறிதல் வினாக்கள் யாவும் இவ்வகையினவே. ஆயின் ஆங்கிலத் தாளில் பத்தியின் கருத்தை உணர்ந்தால் மட்டும் போதாது. உணர்ந்ததை அம்மொழியின் காலமும் எண்ணும் பிறழாமல் எழுதவும் வேண்டும். பொருள் புரிந்தும் மதிப்பெண் இழப்பதற்கு இதுவே காரணம்.

இந்நிலையில் பெற்றோர் தம் பிள்ளைகளைத் தொடக்கத்திலேயே ஆங்கிலவழிப் பள்ளிகளிற் சேர்க்கலாயினர். அவர்களைத் தமிழ்ப் பற்றில்லாதவர் என்று பழித்தல் தகாது. பிழைப்பின் வழியைத் தேடினர், அவ்வளவே. மாணவர் குறைந்தனர். தமிழ்ப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அவற்றுள் இறுதியாக 1982இல் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியும் மூடப்பட்டது. 1987இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மொழியாயிற்று.

எனினும் பெயர் மறையவில்லை. பீட்டி சாலையில் இன்று உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் இயங்குகின்றது. ஆங்கிலவழிப் பள்ளிகளின் மாணவர் அங்கே வந்து தமிழ் கற்கின்றனர். அன்று தமிழில் சிந்தித்த மாணவன் ஆங்கிலப் பத்திக்கு விடை தேடினான். இன்று ஆங்கிலத்தில் சிந்திக்கும் மாணவர் பலர் தமிழ்ப் பத்திக்கு விடை தேடுகின்றனர். அன்றைய மாணவன் எழுவாயை விட்டான். இன்றைய மாணவன் வினைமுற்றின் விகுதியில் தடுமாறுகின்றான். இடறும் இடம் மாறியதேயன்றி இடறலின் காரணம் மாறவில்லை.

தமிழாசிரியர் இவ்வரலாற்றை நினைவிற் கொள்வது நலம். விகுதியைத் தவறவிடும் மாணவனைச் சோம்பேறி என்று கடிவதற்கு முன், தஞ்சோங் பகாரில் ஆங்கில வினாத்தாளின்முன் அமர்ந்திருந்த தமிழ்ச் சிறுவனை ஒருகணம் எண்ணுதல் வேண்டும். இரு மொழிகளும் எங்கே பிரிகின்றன என்பதை விளக்கிக் காட்டும் ஆசிரியரே இருவர்க்கும் வேண்டியவர்.