திண்ணை – இடைகழி வீடு

திண்ணை – இடைகழி வீடு என்பது தெருவை ஒட்டித் திண்ணையும், தலைவாசலைத் தாண்டியதும் ஒடுங்கிய இடைகழியும், அதற்கப்பால் வானம் பார்த்த முற்றமும் கொண்ட தமிழக ஊர்களின் மரபு வீடு. இடைகழியைப் பேச்சில் ரேழி என்பர். தென்பெண்ணையின் தென்கரையிலுள்ள திருக்கோவிலூரில் இந்த அமைப்புக்குத் தனிப் பெருமை உண்டு. பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் மூவரும் மழை இரவொன்றில் ஒதுங்கியது இவ்வூர் வீடொன்றின் இடைகழியில்தான் என்பது வைணவ மரபு.

அங்கே ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம். நான்காவதாக ஒருவர் நெருக்க, அவர் திருமாலே என மூவரும் உணர்ந்தனர் என்கிறது கதை. கதையில் வரும் அளவு மிகைப்படுத்தியதல்ல. இருபுறமும் சுவர், தெருப்பக்கம் ஒரு கதவு, உட்பக்கம் ஒரு கதவு. இரண்டையும் சாத்தினால் இடைகழி பகலிலும் இருண்டுவிடும். பொய்கையார் உலகையும் பூதத்தார் அன்பையும் விளக்காக ஏற்றிப் பாடியது இந்த இருளில் நின்றுதான் என்று மரபு கருதுகிறது. மூவரின் திருவந்தாதிகளும் நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தில் உள்ளன. ஊரின் உலகளந்த பெருமாள் கோயில் 108 திவ்விய தேசங்களுள் ஒன்று.

தலைவாசலின் இருபுறமும் உயர்ந்து நிற்கும் திண்ணை, கதவுக்கு வெளியே இருந்தும் வீட்டைச் சேர்ந்தது. மரத்தூண்கள் அதன் கூரையைத் தாங்கும். சுவரில் விளக்கு வைக்க மாடக்குழி, ஓரத்தில் தலைசாய்க்கச் சரிவான மேடு. வழிப்போக்கர் படுத்துறங்கினர், வாத்தியார் மணலில் எழுத்துப் பழக்கிய திண்ணைப் பள்ளிக்கூடங்கள் நடந்தன. ஆனால் திண்ணை எல்லோருக்கும் திறந்திருந்தது என்பது அழகான மிகை. எவர் ஏறி உட்காரலாம், எவர் தெருவிலேயே நிற்க வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது.

கடைத்தெருக்களில் திண்ணையே வியாபாரத்துக்கும் பயன்பட்டது. நிலையின் மேலும் கீழும் வெட்டிய காடியில் பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகிக் கடையை அடைப்பர். வரிசை மாறாதிருக்கப் பலகைகளில் எண் எழுதப்பட்டிருக்கும். வியாபாரம் முன்னே நடக்க, குடும்பம் பின்கட்டில் வாழ்ந்தது.

இடைகழி முடியுமிடத்தில் வெளிச்சம் தொடங்குகிறது. முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், கூடம், அறைகள். கடைசியில் சமையற்கட்டு, கிணறு, கொல்லை. பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருப்பதால் பக்கச் சன்னலுக்கு இடமில்லை. காற்றும் ஒளியும் முற்றத்தின் வழியேதான் வர வேண்டும். சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். கூரைக்கு முதலில் நாட்டு ஓடு. பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியபின் சீமை ஓடு மெல்லப் பரவியது. வசதியுள்ளவர்கள் உத்திரங்களின்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கி மெத்தை எனப்படும் தட்டைத் தளம் போட்டனர்.

பாகப் பிரிவினையில் முற்றத்தின் குறுக்கே சுவர் எழும்போது வீட்டின் மூச்சு அடைபடுகிறது. சாலையை மேலே மேலே போட்டு உயர்த்துவதால் திண்ணை தாழ்ந்துபோகிறது. மிஞ்சியதை இரும்புக் கம்பி அடைத்துக்கொள்கிறது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகம், இத்தகைய பழைய வீடுகளைப் பிரித்தெடுத்து வந்து மீண்டும் கட்டிக் காக்கிறது.