ஹாரன் ஊமையாகும் இடம்

வாகன ஹாரன் சட்டத்தால் பிறந்த கருவி. 1865-ல் பிரிட்டன் இயற்றிய சட்டம், சாலையில் ஓடும் நீராவி வண்டிக்கு 60 கஜம் முன்னால் ஒருவர் சிவப்புக் கொடியோடு நடந்து போக வேண்டும் என்றது. ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல் என்று வேகத்துக்கும் வரம்பு வைத்தது. 1896-ல் எடை குறைந்த மோட்டார் வண்டிகளுக்கு இந்தக் கெடுபிடி நீங்கியது. கொடிக்காரர் போனதும் அவர் வேலையை வண்டியே செய்ய வேண்டியதாயிற்று. மணியோ வேறு ஒலிக்கருவியோ வண்டியில் கட்டாயம் இருக்க வேண்டும், அது காதில் விழும்படியும் போதுமான அளவிலும் எச்சரிக்க வேண்டும் என்று அந்த 1896 சட்டமே விதித்தது. இந்தியாவின் 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-வது விதி ஹாரனிடம் எதிர்பார்ப்பதும் இதையேதான். ஆக, ஹாரன் ஒலிக்காத வண்டி தொடக்கம் முதலே சட்டத்தின் கண்ணில் குறையுள்ள வண்டி. அந்தக் குறை வண்டியின் எந்த இடத்தில் உண்டாகிறது என்பது மட்டும் காலத்துக்குக் காலம் மாறிவந்தது.

முதலில் பரவலானது ரப்பர் பந்து ஹாரன். கையால் அமுக்கும் பந்து, அதன் வாயில் காற்றில் துடிக்கும் ஒரு உலோக ரீடு, ஒலியைப் பெருக்கும் பித்தளைக் குழல். இவ்வளவுதான் அதன் உறுப்புகள். இதில் பழுது மறைந்திருக்க இடமில்லை. வெயிலில் காய்ந்து வெடித்த ரப்பரில் காற்று சீறும். தூசி அடைத்த ரீடு கரகரக்கும். மழைக்காலத்தில் பல நாள் நின்றுவிட்ட வண்டியின் குழலில் குளவி கூடு கட்டியிருக்கும். ரீடைக் கழற்றித் துடைத்து, பந்தை மாற்றினால் வேலை முடிந்தது. 1920-ல் ஜி. டி. நாயுடு பொள்ளாச்சி–பழனி தடத்தில் பேருந்து ஓட்டத் தொடங்கிய காலத்தில் இந்தியச் சாலைகளில் கேட்டது பெரும்பாலும் இந்தப் ‘பாம் பாம்’ ஒலிதான். மின்சார ஹாரன் வந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் லாரிகளிலும் பேருந்துகளிலும் ஓட்டுநரின் வலக்கைப் பக்கம் அது தொங்கிக்கொண்டிருந்தது. பழமைப் பற்று என்று இதைத் தள்ளிவிட முடியாது. பேட்டரி இறங்கிப்போனாலும் அது ஒலிக்கும்.

இடையில் வேறு முயற்சிகளும் நடந்தன. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரைச் சேர்ந்த கிளாட் ஃபாஸ்டர், எஞ்சின் கக்கும் புகையையே குழலில் செலுத்தி ஊதவைக்கும் ‘கேப்ரியல்’ ஹாரனை விற்றார். இனிமையாக ஒலித்தாலும் புகையோடு வரும் கரி குழலில் படியும். எஞ்சின் நின்றால் ஹாரனும் நின்றுவிடும்.

மின்சாரத்தின் பக்கம் வலுவாகத் திருப்பியவர் மில்லர் ரீஸ் ஹட்சிசன். 1908-ல் வந்த அவருடைய ‘கிளாக்சன்’ ஹாரனில் ஒரு சிறு மோட்டார் பல்சக்கரத்தைச் சுற்றும். மெல்லிய எஃகுத் தகட்டின் நடுவில் உள்ள குமிழைச் சக்கரத்தின் பற்கள் தட்டித் தட்டிப் போகும். தகடு அதிர்ந்து, கேட்டவர் மறக்க முடியாத ‘அஊகா’ என்ற அலறல் எழும். காது கேளாதோருக்கான மின் கருவியைச் செய்து பெயர் பெற்ற ஒருவரே இந்தக் காதைத் துளைக்கும் கருவியையும் செய்தார் என்பது அக்காலத்தில் கேலிப்பொருளானது. முதல் உலகப் போரில் நச்சுவாயு வருவதை எச்சரிக்கப் பதுங்குகுழிகளிலும் கிளாக்சன் ஒலித்தது. பழுதுபார்ப்பவருக்கோ அது புதிய தலைவலி. தேயும் பற்கள், கரியும் மோட்டார் பிரஷ்கள், எண்ணெய் காய்ந்த பேரிங் என்று பல உறுப்புகளைக் கவனிக்க வேண்டியிருந்தது. குமிழுக்கும் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியைத் திருகால் சரிசெய்ய வேண்டும். சற்று இறுக்கினால் மோட்டார் திணறி நிற்கும், சற்றுத் தளர்த்தினால் பல் குமிழைத் தொடாமல் வெறுமனே சுற்றும்.

ஹாரனைப் பற்றிப் பேசுவது மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பற்றிப் பேசுவதாக மாறியது இந்தக் கட்டத்தில்தான். 1915 முதல் ஃபோர்டு மாடல் டி காரில் வந்த மின் ஹாரனுக்குப் பேட்டரி கிடையாது. எஞ்சினோடு சுழலும் மேக்னெட்டோ தரும் மின்சாரமே அதற்கு உணவு. எஞ்சின் மெதுவாக ஓடினால் முனகும், வேகமெடுத்தால் கத்தும், நின்றால் ஊமை. அந்த ஊமைத்தனம் பழுதே அல்ல. பேட்டரி இல்லாமல் வந்த ஸ்கூட்டர்களை ஓட்டிய தமிழ்நாட்டு வாசகருக்கும் இது புதிதல்ல. சிக்னலில் எஞ்சின் தாழ்ந்து ஓடும்போது ஹாரன் இழுத்து இழுத்து ஒலித்ததற்குக் காரணம் இதுவே. இதற்கு மாறாக, 1912-ல் சார்லஸ் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டர் காடிலாக் கார்களில் இடம்பிடித்தபோது பேட்டரியும் ஜெனரேட்டரும் காரின் நிரந்தர உறுப்புகளாகத் தொடங்கின. எஞ்சின் ஓடாதபோதும் ஹாரன் ஒலிக்க வழி பிறந்தது.

அடுத்து வந்து இன்றுவரை நிலைத்தது மின்காந்த ஹாரன். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1921-ல் இதை விற்கத் தொடங்கியது. இதில் மோட்டாரும் இல்லை, பல்சக்கரமும் இல்லை. கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் மின்காந்தம் ஓர் இரும்புத்துண்டை இழுக்கும். அந்தத் துண்டோடு இணைந்த அதிர்தகடும் வளையும். இழுபட்டு வரும் துண்டு ‘பாயிண்ட்’ எனப்படும் தொடுமுனைகளைப் பிரித்துவிடும். மின்சாரம் அறுபடும், தகடு பழைய நிலைக்குத் திரும்பும், பாயிண்ட் மறுபடி சேரும். இது நொடிக்குச் சில நூறு முறை நடக்கிறது. தன்னைத் தானே நிறுத்திக்கொண்டு தானே தொடங்கும் கருவி இது.

பாயிண்ட் பிரியும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு பொறி பறக்கிறது. டங்ஸ்டன் போன்ற கடின உலோகத்தால் செய்தாலும் பொறியில் அது கருகும், குழி விழும். மழைநீர் உள்ளே போனால் துருப்பிடிக்கும். ஹாரன் ஊமையாவதில் பெரும்பங்கு இந்தச் சிறு முனைகளுக்கு உண்டு. பின்புறத்திலோ முன்புறத்திலோ இருக்கும் சிறு திருகு பாயிண்டின் இடைவெளியைக் கட்டுப்படுத்துகிறது. அந்தத் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதே ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் தலைமுறையாகக் கைக்கொண்ட வைத்தியம். பட்டனை அமுக்கியதும் ஹாரனில் ஒரே ஒரு ‘டிக்’ கேட்டு நின்றுவிட்டால், மின்சாரம் வந்துசேர்கிறது, ஆனால் பாயிண்ட் பிரியவில்லை அல்லது தகடு இறுகியிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் பட்டனை விடாமல் அமுக்கினால் சுருள் சூடேறும், ஃபியூஸும் போகும். ‘டிக்’ கூட இல்லையென்றால் மின்சாரம் வரவில்லை, அல்லது பாயிண்ட் சேரவே இல்லை. ஒலிக்கிறது ஆனால் சப்தம் செத்திருக்கிறது என்றால் வழியில் எங்கோ களிம்பு. இந்த வேறுபாடுகளைக் காதால் பிரித்தறியத் தெரிந்தவருக்குப் பாதி வேலை கருவியில்லாமலே முடிந்துவிடும்.

திருகைத் தொடுமுன் ஹாரனைப் பிடித்திருக்கும் பட்டையைப் பார்ப்பது நல்லது. வட்ட ஹாரன்கள் நெகிழும் எஃகுப் பட்டையில் தொங்குவது அழகுக்காக அல்ல. ஹாரனின் உடல் தாராளமாக அதிர வேண்டும். பம்பரையோ ரேடியேட்டர் சட்டத்தையோ அது தொட்டுக்கொண்டிருந்தால் ஒலி அமுங்கிவிடும். வாய் மேல்நோக்கி இருந்தால் தண்ணீர் தேங்கும்.

ஹாரன் நன்றாக இருந்தும் ஒலிக்காத வண்டிகள் எத்தனையோ. பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்து ஒலிக்கிறதா என்று பார்ப்பது இதற்கான பழைய சோதனை. ஒலித்தால் குற்றம் ஒயரிங்கில். காரின் இரும்பு உடலையே மின்சாரம் திரும்பும் பாதையாக்கியதில் ஒயர் மிச்சமானது, ஆனால் ஒவ்வொரு துருப்பிடித்த போல்ட்டும் சந்தேகத்துக்குரியதானது. பெயின்ட் அடித்த பிறகு ஹாரன் நின்றுபோன வண்டிகளில் ‘எர்த்’ கிடைக்கும் இடத்தைச் சுரண்டினாலே போதும்.

‘ரிலே’ எனப்படும் இடைச் சுவிட்ச் இல்லாத பழைய கார்கள் பலவற்றில் ஹாரனுக்கு மின்சாரம் எப்போதும் வந்துகொண்டிருக்கும். ஸ்டியரிங் நடுவிலுள்ள பட்டன் எர்த்தை மட்டுமே சேர்த்துத் தரும். இதை அறியாதவர் டெஸ்ட் பல்பை ஹாரன் முனையில் வைத்து, பட்டனை அமுக்காமலே எரிவதைக் கண்டு குழம்பிப்போவார். அதே அமைப்பில் பட்டனுக்குப் போகும் ஒயர் உரசிக் காயம்பட்டு வண்டி உடலைத் தொட்டால் நேரெதிர் பழுது வரும். நள்ளிரவிலும் ஹாரன் ஓயாமல் அலறும். தெருவே விழித்துக்கொள்ளும் அந்த வேளையில் ஃபியூஸைப் பிடுங்குவதே விவேகம்.

தாழ்ந்த சுருதியும் உயர்ந்த சுருதியுமாக இரண்டு ஹாரன்கள் பொருத்துவது வழக்கமானபோது மின்சாரத் தேவை கூடியது. அக்காலக் கார்களில் பல 6 வோல்ட் அமைப்பு கொண்டவை. அதே வேலைக்கு 12 வோல்ட் வண்டியைவிட இரட்டிப்பு மின்னோட்டம் அவற்றுக்குத் தேவை. அத்தனையையும் மெல்லிய பட்டன் தாங்காது. எனவே ரிலே புகுந்தது. பட்டன் ரிலேயை மட்டும் இயக்கும், ரிலே ஹாரனுக்குத் தேவையான மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்து குறுக்குவழியில் தரும். ரிலே ‘டிக்’ என்று ஒலித்தும் ஹாரன் ஒலிக்காவிட்டால் பட்டனைக் கழற்றிப் பார்ப்பது வீண். இரட்டை ஹாரனில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. ஒன்று செத்தால் ஒலி மெலியுமே தவிர நிற்காது. மற்றதும் சாகும்வரை பலர் கவனிப்பதில்லை.

இந்தியாவில் கோயம்புத்தூரின் ரூட்ஸ் நிறுவனம் செய்யும் ‘விண்ட்டோன்’ ஹாரன்கள் நத்தைக்கூடு போன்ற சுருள் குழலோடு கார்களில் பரவலாயின. லாரிகளும் பேருந்துகளும் ஏர் ஹாரனை நாடின. பிரேக்குக்கு உரிய காற்றுத்தொட்டியிலிருந்து அதற்குக் குழாய் இழுக்கும் வழக்கம் ஆபத்தானது. ஹாரன் வால்வில் கசிவு ஏற்பட்டால் குறைவது பிரேக்கின் காற்று. அடுத்தடுத்து வெவ்வேறு சுருதியில் ஒலிக்கும் ஹாரன்களையும் மிதமிஞ்சிக் கிறீச்சிடும் ஹாரன்களையும் 119-வது விதி தடுக்கிறது. தேவையில்லாமல் ஹாரன் அடிப்பதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194எஃப் பிரிவு முதல் முறை 1,000 ரூபாயும் அடுத்த முறை 2,000 ரூபாயும் அபராதம் வைத்திருக்கிறது. அதே வண்டி ‘எஃப்.சி.’ எனப்படும் தகுதிச் சான்றுக்குப் போகும்போது ஹாரன் ஒலித்தாக வேண்டும்.

அண்மைக் காலத்தில் பழுதின் இடம் மறுபடி நகர்ந்துவிட்டது. ஸ்டியரிங் நடுவில் ஏர்பேக் குடியேறியதும், சுழலும் ஸ்டியரிங்கில் பட்டனுக்கு இணைப்புத் தந்த பழைய உரசு வளையம் போய், ‘கிளாக் ஸ்பிரிங்’ எனப்படும் சுருட்டிய தட்டை ஒயர் வந்தது. ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் அது சுருண்டு விரிந்து ஒருநாள் அறுகிறது. ஹாரன் நின்றுபோனதோடு ஏர்பேக் விளக்கும் எரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான். பல கார்களில் பட்டனின் கட்டளை நேராக ஹாரனுக்குப் போவதில்லை, ஒரு கணினிப் பெட்டியின் வழியாகப் போகிறது. அங்கே டெஸ்ட் பல்போடு ஸ்கேனரும் வேண்டும். ஃபியூஸையும் ஹாரனின் இணைப்புகளையும் வீட்டிலேயே பார்க்கலாம். ஏர்பேக் உள்ள ஸ்டியரிங்கை மட்டும், பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருக்காமல் யாரும் தொடக் கூடாது. 2019 ஜூலை முதல் இந்தியாவில் விற்கும் புதிய கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம் என்பதால், அந்த வேலையைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விடுவதே சரி.