பிலிம் கழுவிய கைகள்

ரேஷன் கடையில் கைரேகை வைக்கும்போதெல்லாம் என் பெரியம்மா விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து மூன்று நான்கு முறை வைக்க வேண்டியிருக்கும். கருவிக்கு அவர் விரல் பிடிபடாது. "ஹைப்போ தின்னுட்டுப் போயிட்டு" என்பார். வயதும் ஐம்பது வருடப் பாத்திரம் துலக்கலும் தின்றதுதான் அதிகமாக இருக்கும். ஆனாலும் அந்தப் பேச்சுக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. பழிதான் ஆள் மாறி விழுந்திருக்கிறது.

பெரியப்பாவுக்குக் கோவில்பட்டிப் பக்கம் ஒரு ஸ்டுடியோ இருந்தது. பகலில் அவர் படம் எடுப்பார். இரவில் பிள்ளைகள் தூங்கியபின் பின்கட்டு அறையில் பெரியம்மா பிலிம் கழுவுவார். பிலிமுக்கு முழு இருட்டு, பிரிண்ட் போடச் சிவப்பு பல்பு. கல்யாணம், காதுகுத்து, இழவுவீட்டில் நாற்காலியில் உட்காரவைத்த பிணம், எல்லாமே முதலில் அவர் கையில்தான் தெளிந்து வரும். படத்தின் பின்பக்கம் குத்தும் ரப்பர் ஸ்டாம்பில் பெரியப்பா பெயர் இருக்கும்.

கருப்பு வெள்ளை டெவலப்பரில் முக்கியச் சரக்கு இரண்டு: மெட்டால், ஹைட்ரோகுயினோன். கூட சல்பைட்டும் ஒரு காரமும். ஹைப்போ பிறகுதான் வரும். அதனால் தோலுக்குப் பெரிய கேடில்லை. விரலைப் பிளக்கவைத்தது பெரும்பாலும் மெட்டாலாகத்தான் இருக்கும். சிலருக்கு அது ஒவ்வாது. அரிப்பில் தொடங்கித் தோல் தடித்து வெடிக்கும். இருட்டறைக்காரர்களுக்கு இது நெடுநாளாகத் தெரிந்த நோய். அதற்கு மாற்றும் இருந்தது. பெனிடோன் என்ற பொருள் டெவலப்பராக வேலை செய்யும் என்று 1940இலேயே இல்ஃபோர்டு ஆய்வகத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். அது தோலை அவ்வளவு படுத்தாது. பெரியப்பா வாங்கிவந்த பொட்டலங்களில் அது ஒருநாளும் இருந்ததில்லை. வாங்கியவர் கை டெவலப்பரில் நனையவில்லை. பெரியம்மா மருத்துவரிடம் காட்டியபோது, "சோப்பை மாத்துங்கம்மா" என்று சொல்லி அனுப்பினாராம். இருட்டறையைப் பற்றி அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. 'வீட்டில் சும்மா இருக்கும்' பெண்ணுக்கு சோப்பைத் தவிர வேறென்ன கையில் படும்?

தன் பெயரிலேயே இந்த வேலையைச் செய்த பெண்களும் இருந்தார்கள். கொல்கத்தாவின் அன்னபூர்ணா தத்தா (1894–1976) படம் எடுத்து, தானே கழுவி, பிரிண்டும் போட்டு அதில் சம்பாதித்தவர். ஆண் போட்டோகிராபர் நுழைய முடியாத அந்தப்புரங்களுக்குள் அவர் கேமரா போனது. அவரை வரலாறு தாமதமாகவேனும் கண்டுகொண்டது. ஸ்டுடியோக்களின் பின்கட்டுப் பெண்களை இன்னும் யாரும் எண்ணவில்லை.

பிறகு கலர் வந்தது. கலர் என்றாலே வெளியே அனுப்பிக் கழுவுவது என்று நாம் நினைத்துக்கொண்டதற்குப் பின்னால் ஒரு வியாபாரக் கதை உண்டு. 1942இல் கோடாக் தன் கோடாகலர் நெகட்டிவ் பிலிமை விற்றபோது, கழுவும் கூலியும் பிலிம் விலைக்குள்ளேயே அடக்கம். ரோலைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்ப வேண்டும். 1954இல் அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கில், பிலிமையும் கழுவும் கூலியையும் சேர்த்துக் கட்டி விற்கக் கூடாது என்று முடிவானது. அதன்பின் சி-22 என்ற முறைக்கான ரசாயனங்கள் கம்பெனிக்கு வெளியே இருந்தவர் கைக்கும் வந்தன. அதற்கு 24 டிகிரி செல்சியஸ் போதும். பொறுமை இருந்தால் வீட்டில் செய்யலாம்.

1972இல் சி-41 வந்தது. டெவலப்பர் 37.8 டிகிரியில் இருக்க வேண்டும், 3 நிமிடம் 15 வினாடி. சூட்டில் கால் டிகிரி கூடினாலோ குறைந்தாலோகூடக் குற்றம் என்பது கம்பெனியின் கணக்கு. வேகமான, சீரான, இயந்திரத்துக்கென்றே அமைந்த முறை. எண்பதுகளில் பெரியப்பா கலர் ரோல்களைப் பேருந்தில் மதுரைக்குக் கொடுத்தனுப்பத் தொடங்கினார். பின்கட்டு அறையில் விறகு அடுக்கினார்கள். பெரியம்மாவின் கை ஆறியது. அவருடைய வேலையும் போனது. இரண்டில் எதைச் சொல்லி அவர் வருத்தப்படுகிறார் என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பதில்.

நான் கலர் பிலிமை வீட்டில் கழுவத் தொடங்கியது நாற்பதைத் தாண்டிய பிறகு. கடையில் கிடைக்கும் கிட்டுகளைப் பார்த்தபோதுதான் எதை வாங்குவது என்ற கேள்வி வெறும் விலைக் கேள்வி இல்லை என்று புரிந்தது.

சி-41 டெவலப்பரின் உயிர் சிடி-4 என்ற பொருள். ஒளிபட்ட வெள்ளியை அது கருக்கவைக்கும். அந்த வேலையில் தானும் மாறி, பிலிமின் மூன்று அடுக்குகளில் காத்திருக்கும் பொருட்களோடு சேர்ந்து மஞ்சள், மெஜந்தா, சயான் சாயங்களை உண்டாக்கும். இந்தச் சிடி-4, பாரா-பெனிலின்டையமின் குடும்பத்தைச் சேர்ந்தது. கறுப்பு ஹேர் டையில் இருக்கிறதே, அதே குடும்பம். டை போட்டு நெற்றியெல்லாம் வீங்கி மூன்று நாள் வகுப்புக்குப் போகாமல் கிடந்தவள் நான். கலர் டெவலப்பரால் தோல் நோய் வந்த தொழிலாளர்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன. எனவே தூள் கிட் வேண்டாமென்று முடிவெடுத்தேன். கரைக்கும்போது பறக்கும் தூள் மூக்குக்கும் போகும். திரவக் கிட் வாங்கினேன். திறந்துவிட்டால் காற்றுப்பட்டுச் சீக்கிரம் கெடும் என்பது அதன் குறை. ரப்பர் ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு என்பதால் நைட்ரைல் கையுறை.

அடுத்தது பிளீச். மலிவான கிட்டுகளில் பிளீச்சும் ஃபிக்ஸரும் ஒரே புட்டியில் கலந்து 'பிளிக்ஸ்' என்று வரும். ஒரு வேலை மிச்சம்தான். ஆனால் ஒன்றையொன்று அரித்துக்கொள்ளும் இரண்டைச் சேர்த்து வைத்தால் சீக்கிரம் வலுவிழக்கும். பிலிமில் வெள்ளி தங்கி நிறம் மங்கும். தனித்தனியாக வாங்குவதே நல்லது என்பது என் அனுபவம். கடைசியாக ஸ்டெபிலைசர். பழைய முறையில் இது பார்மலின் கலந்தது, பிணம் கெடாமல் வைக்கும் அதே சரக்கு. 2004இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதன் மூலப்பொருளான பார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று வகைப்படுத்தியது. இன்றைய பிலிம்களுக்குப் பார்மலின் இல்லாத கடைசிக் கழுவல் போதும். பழைய ஸ்டாக் பிலிமுக்கு அது போதாது. அதனால் நான் பழைய பிலிம் வாங்குவதில்லை. பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும். அதைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் சேர்த்துவைக்கிறேன். அடுக்களைப் பாத்திரம் ஒன்றுகூட இந்த வேலைக்குப் போவதில்லை.

கையேடுகள் எல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. தண்ணீரைச் சூடாக்கு, சூட்டைக் காப்பாற்று என்றே படிக்கும். சித்திரையில் எங்கள் மாடித் தொட்டித் தண்ணீரை 37.8க்கு இறக்க நான் ஐஸ்கட்டி தேட வேண்டியிருக்கிறது.

போன கோடையில் பெரியம்மா வந்திருந்தார். எழுபத்தெட்டு வயது. நான் புட்டிகளை எடுத்து வைப்பதைக் கதவோரம் நின்று பார்த்தார். "புளிச்ச வாடையே இல்லையே" என்றார். மணியைப் பார்க்கச் சொன்னேன். பார்க்கவில்லை, தனக்குள் எண்ணத் தொடங்கினார். என் கைபேசி மூன்றேகால் நிமிடத்துக்கு மணியடிக்கவும் அவர் நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் இருந்தார். மூன்று வினாடிதான் பிசகு. கையுறை போடாமல் தொட்டியைத் தொடப்போனவரைத் தடுத்தேன். "இப்ப என்ன மிச்சம் இருக்கு தின்னுறதுக்கு?" என்றார். ஆனாலும் நீட்டிய கையுறையை வாங்கிப் போட்டுக்கொண்டார். அது அவருக்குப் பெரிதாக இருந்தது.

கழுவி முடித்ததும் சுருளை ஓரம்பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்தினார். நெகட்டிவைப் பிடிக்கும் விதம் கைக்கு மறக்கவில்லை. கலர் நெகட்டிவின் அந்த ஆரஞ்சுப் பூச்சை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"என்னட்டி இது, எல்லாரும் காவி கட்டின மாதிரி?"

நாலாவது கட்டத்தில் அவரே இருந்தார், முந்தினநாள் திண்ணையில் நான் எடுத்தது. கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். நரைமுடி நெகட்டிவில் கன்னங்கரேலென்று இருந்தது.

"டை போடாமலே கறுத்துட்டு, பாரு" என்று சொல்லிவிட்டு, கிளிப் எங்கே என்று கேட்டுச் சுருளைக் கொடியில் தொங்கவிட்டார்.