உறையைப் பிரிக்காமலே

1939. இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க். கேம்பிரிட்ஜ் கணித ஆசிரியர் கார்டன் வெல்ச்மேனிடம் ஜெர்மானிய ராணுவத்தின் எனிக்மா செய்திகளைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தார்கள். சங்கேதத்தில் ஒரு எழுத்துகூடப் புரியாது. ஆனால் யாரிடமிருந்து யாருக்கு, எந்த அலைவரிசையில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நீளம் என்பதெல்லாம் வெளியில் தெரிந்தது. அதை வைத்தே எதிரியின் தொடர்பு வலையை வரைந்துவிட்டார் மனிதர்!

பெயர் மறைத்து இணையத்தில் உலாவ உதவும் 'டார்' வலைப்பின்னலுக்கும் இதே சிக்கல்தான். அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் கருவாகி, 2002-ல் இயங்கத் தொடங்கியது. வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காகப் பூட்டி, மூன்று கணினிகள் வழியாகச் செய்தியை அனுப்பும். பொட்டலங்கள் எல்லாம் ஒரே அளவு வேறு. ஆனாலும் எத்தனை பொட்டலம் போயின, எத்தனை வந்தன, எந்த வரிசையில் என்பது இணைய இணைப்பு தரும் நிறுவனத்துக்குத் தெரியுமே. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு நடை உண்டு. முன்கூட்டியே பதிந்து வைத்து ஒப்பிட்டால் ஆள் எங்கே போகிறார் என்று ஊகிக்கலாம்.

2009-ல் இப்படிச் சோதித்தபோது நூற்றுக்கு மூன்றுதான் பிடிபட்டது. 2011-ல் வேறு ஆய்வாளர்கள் பழைய தரவை வைத்தே அதை 55 ஆக்கினார்கள். சோதனைக்கூடக் கணக்குதான், நிஜ இணையம் இதைவிடப் பெரிய கூட்டம். போலிப் பொட்டலங்களைக் கலந்தால் நடை குழம்பும். ஆனால் ஏற்கெனவே மெதுவான டார் இன்னும் ஊரும். உயிருக்குப் பயந்து செய்தி அனுப்பும் பத்திரிகையாளர் அதைப் பொறுத்துக்கொள்வார். மற்றவர்கள் விலகிவிட்டால் அவர் ஒளிந்துகொள்ளக் கூட்டம் ஏது?