ஆட்டக்கணக்கும் ஆள்கணக்கும்

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்ட பிரிட்டிஷ் வீரர்களுள் ஈ. டபிள்யூ. ஸ்வான்டன் என்னும் கிரிக்கெட் எழுத்தாளரும் ஒருவர். பீரங்கிப்படை அதிகாரியான அவர், 1939ஆம் ஆண்டின் ‘விஸ்டன்’ கிரிக்கெட் மலரைச் சயாம்–பர்மா ரயில்பாதை முகாம்களிலும் தம்முடன் வைத்திருந்தார். ஜப்பானியத் தணிக்கை முத்திரை பெற்ற அந்நூல் பலர் கைபட்டுக் கிழிந்தபோது, சோற்றுப்பசை கொண்டு மீண்டும் கட்டினர். கைதிகள் முகாம்களில் கிரிக்கெட்டும் ஆடினர். 1946 விஸ்டனில் ஸ்வான்டன் அதனை எழுதினார். பசிக்கும் நோய்க்கும் நடுவே தாய்நாட்டு விளையாட்டு அவர்களுக்கு ஊன்றுகோலாயிற்று.

அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழரும் உழைத்தனர். இறந்த போர்க்கைதிகள் ஏறத்தாழ 12,000 பேர். இறந்த ஆசியத் தொழிலாளர் 90,000 வரை இருக்கலாம் என மதிப்பிடுவர். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகள் துயில்கின்றனர். தமிழருள் பெரும்பாலோர்க்குப் பெயர்ப்பதிவும் இல்லை.

காரணம் எளிது. கைதிகளுக்கு அதிகாரிகளும் மருத்துவர்களும் பெயர்ப்பட்டியலும் இருந்தன. கூலிகளாகச் சென்றோர்க்கு அவை இல்லை. ஆகவே போர்க்கால விளையாட்டை ஆராயும் மாணவர்கள் ஆட்டக்குறிப்பு கிடைத்த இடத்தோடு நின்றுவிடலாகாது. எழுதப்பட்ட ஆட்டத்தின் அருகே எழுதப்படாத மனிதர் எத்தனை பேர் என்பதும் வரலாற்றின் வினாவே.